கோலும் கணக்கு நோட்டும்: தாண்டப் போகும் பிள்ளைகள் அளந்து படிக்க வேண்டியவை

பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது நம்ம ஊர்ப் பள்ளிகளில் புதிதல்ல. அரையாண்டு நெருங்கினால் அந்தக் கடன் திரும்பி வருவதும் இல்லை. கோலூன்றித் தாண்டுதலை (போல் வால்ட்) சரியாகச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் இதை அப்படியே திருப்பிப் போடலாம். பி.இ.டி. சார் போய்க் கணக்குப் பீரியடைக் கேட்கலாம், இயற்பியல் பீரியடையும் கேட்கலாம். மைதானத்தில் அந்த ஒரு மணி நேரத்தில் நடக்கிற வேலையில் பாதி, டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதுகிற வேலைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உயரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பையனைப் பிடித்து, கோலைக் கையில் கொடுத்து, பார் (தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பி) போட்டு ஓடவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். அதில் பாடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பார் வைப்பதற்கு முந்தைய வாரங்களில்தான் படிக்க வேண்டியது முழுக்க இருக்கிறது.

பாதுகாப்புக்கு எல்லைக்கோடு ஒன்று உண்டு. நீளம் தாண்டும் மணல் பிட்டில், பார் இல்லாமல், கோலைப் பிடித்துத் தொங்கி அந்தப் பக்கம் காலால் இறங்குகிற பயிற்சி வரைக்கும் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். அதற்குமேல் போக வேண்டுமென்றால் கோலை ஊன்ற முறையான பாக்ஸும் (தரையில் பதித்த பள்ளப் பெட்டி) நுரை மேட்டும் வேண்டும். மேட் குறைந்தது 5 மீட்டருக்கு 5 மீட்டர். பெரிய போட்டிகளில் 6க்கு 6, கனம் 80 செ.மீ. இது இல்லாமல் பார் போடக் கூடாது. “நாலு பழைய மெத்தையைச் சேர்த்துப் போட்டுக்கலாம் சார்” என்று யாராவது சொன்னால் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மெத்தைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில்தான் கணுக்கால் மாட்டும். பாளையங்கால்வாய் பக்கத்திலேயே ஓடுகிறதே என்று கால்வாய் தாண்டிப் பார்ப்பதும் வேண்டாம். நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் நீண்ட கோலால் கால்வாய் தாண்டுவது ஒரு விளையாட்டாகவே இருக்கிறது. அங்கே அதற்கென்று அடியைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே கோல் சகதியில் இறங்கி நின்றால் ஆள் நடுக்கால்வாயில்தான்.

மூங்கிலைத் தேர்ந்தெடுப்பது

தொடக்கப் பயிற்சிக்கு 3 மீட்டர் மூங்கில் போதும். கையில் அடங்குகிற பருமன், அதாவது அடியில் 3.5 முதல் 4 செ.மீ. விட்டம். உள்ளே ஏறக்குறையக் கெட்டியாக இருக்கும் கல் மூங்கில் சிறந்தது. சிலம்பக் கம்பு இதற்கு ஆகாது. அது சுழற்றுவதற்கு இழைத்த மெல்லிய கம்பு, ஆள் பாரத்தைத் தாங்க அல்ல. காப்புக்காட்டில் போய் வெட்டவும் கூடாது. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கினார்கள். ஆகவே தோட்டத்து மூங்கிலுக்குச் சிக்கல் இல்லை. சமூக அறிவியல் ஆசிரியருக்கு இந்த ஒரு திருத்தமே அரை பீரியடுக்குத் தாங்கும்.

தாவரவியல் இங்கே தானாக வந்துவிடும். மூங்கில் புல் இனம், ஒருவித்திலைத் தாவரம். வேம்பும் புளியும் ஆண்டுக்காண்டு பருப்பதுபோல் அது பருக்காது. முளைத்து வரும்போது என்ன பருமனோ கடைசிவரை அதுதான். குறுக்கே அறுத்த ஒரு துண்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கரும்புள்ளிகள் எங்கே நெருக்கம் என்று கேளுங்கள். வெளித்தோல் ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக அகன்றும் இருக்கும். அவை நார்க்கற்றைகள். கோல் வளையும்போது அதிக இழுவிசையும் அதிக அமுக்கமும் விழுவது வெளிப்பரப்பில்தான். வலுவும் அங்கேதான் இருக்கிறது. கணுவுக்குள் இருக்கிற தடுப்பு, குழாய் நசுங்கித் தட்டையாகாமல் காக்கிறது. அதனால் பிடிக்கிற இடத்தில் கணுவின் வெளிப்புடைப்பை மட்டும் லேசாக இழைக்கலாம், உள்தடுப்பைக் குத்தி எடுக்கக் கூடாது.

வெட்டின மூங்கிலை வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில்தான் காய வேண்டும். அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வந்து உளுத்துவிடும். குளத்தில் சில வாரம் ஊறப்போட்டு எடுக்கும் பழைய வழக்கம் அந்த மாவுச்சத்தைக் கரைக்கத்தான். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேலி செய்யவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். வளர்பிறையில் இரண்டு, தேய்பிறையில் இரண்டு வெட்டி, பெயர் எழுதி வைத்துப் பார்க்கச் சொன்னால் அது ஒரு அறிவியல் செயல்திட்டம்.

முடிவில் அடிமுனைக்கு ரப்பர் மூடி போட்டு, கணுவிடை ஒவ்வொன்றிலும் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மூங்கில் உடைந்தால் நெட்டுவாக்கில் சிலாம்பாகப் பிளக்கும்; அந்தச் சிலாம்பு பறக்காமல் இருக்கத்தான் டேப். தினமும் பயிற்சிக்கு முன் விரல் நகத்தால் கீறிக்கொண்டே போய் விரிசல் தேட வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்து, பார்த்தவர் பெயரை நோட்டில் எழுத வையுங்கள்.

வாளி வைத்து ஒரு சோதனை

வாங்குகிற கண்ணாடியிழைக் கோல்களில் வளைவு எண் ஒன்று எழுதியிருக்கும். கோலின் இரு முனையையும் தாங்கி, நடுவில் 50 பவுண்டு எடை தொங்கவிட்டால் எத்தனை செ.மீ. தொய்கிறது என்பதுதான் அது. எண் பெரிதென்றால் கோல் இளகினது. இதே சோதனையை மூங்கிலுக்கு இரண்டு பெஞ்சும் ஒரு வாளியும் வைத்துச் செய்யலாம்.

பெஞ்சுகளுக்கு இடைவெளி 2.6 மீட்டர். கோலின் நடுவில் வாளி. தரையிலிருந்து கோலின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு, இரண்டிரண்டு லிட்டராகத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வரைபடத்தாளில் எடைக்கு எதிராகத் தொய்வைக் குறித்தால் புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் விழும். பதினொன்றாம் வகுப்பில் ஹூக் விதி என்று படிப்பது இதைத்தான். தண்ணீரைத் திரும்ப எடுத்தபின் கோல் பழைய உயரத்துக்கு வரவில்லை என்றாலோ, நடுவில் ‘கிர்ர்’ என்று சத்தம் வந்தாலோ அந்தக் கோல் பந்தல் போடத்தான் ஆகும்.

அடுத்து பெஞ்சுகளை 1.3 மீட்டருக்கு நெருக்கி வைத்து, அதே எடையில் தொய்வு எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். பாதி என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். அளந்தால் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான் வரும். தொய்வு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். மூங்கில் நுனியில் மெலிவதால் மிகச்சரியாக எட்டில் ஒன்று வராது, ஆனால் பாதி என்ற எண்ணம் உடைந்துவிடும். பிறகு கோலை அச்சில் கால் சுற்று திருப்பி மறுபடியும் அளந்தால், ஒரு பக்கம் கூடவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் வளைவது தெரியும். கூட வளையும் பக்கத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

முக்கோணம்

கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் மைதானத்தில் இல்லை. கோல் கர்ணம். அடிமுனை ஊன்றிய இடத்திலிருந்து தரையிலுள்ள காலுக்கு வரும் தூரம் அடிப்பக்கம். மேல்கையின், அதாவது கோலில் மேலே பிடித்திருக்கும் கையின், உயரம் எதிர்ப்பக்கம். தரையை விட்டு எழும்பும் கால், மேல்கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

150 செ.மீ. உயரப் பிள்ளை கையை முழுக்கத் தூக்கிக் கோலைப் பிடித்தால் கை தரையிலிருந்து சுமார் 1.9 மீட்டரில் இருக்கும். பாக்ஸின் ஆழம் ஏறக்குறைய 20 செ.மீ.; மணலிலும் அதே அளவு பள்ளம் எடுத்துக்கொண்டால் கோலின் அடியிலிருந்து கைக்கு உயரம் 2.1 மீட்டர். பிடி, அதாவது கோலின் அடிமுனையிலிருந்து மேல்கை வரையுள்ள நீளம், 2.4 மீட்டர் என்றால் பித்தாகரஸ் தேற்றப்படி அடிப்பக்கம் 1.16 மீட்டர். கோணம் சுமார் 61 பாகை. பிடியை 2.7க்கு ஏற்றினால் கோணம் 51க்கு இறங்கும், 3 மீட்டரில் 44. கோணம் குறையக் குறையக் கோலை நெட்டுக்குத்தாகக் கொண்டுவருவது கஷ்டம்.

இப்போது பிடி 2.4லேயே இருக்கட்டும். பிள்ளை முழங்கையை மடக்கி, கை 20 செ.மீ. இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் சுமார் 52. அதாவது பிடியை 30 செ.மீ. ஏற்றினால் எவ்வளவு கஷ்டமோ ஏறத்தாழ அதே கஷ்டம், லாபம் மட்டும் ஒன்றும் இல்லை. “கையை நீட்டுலே, கையை நீட்டு” என்று நூறு தடவை கத்துவதைவிட இந்த இரண்டு முக்கோணத்தையும் அளவுகோலோடு நோட்டில் வரையவைப்பது நன்றாக வேலை செய்யும்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். வளையாத கோலை ஊன்றிய அந்த நொடியில், ஓட்ட வேகத்தில் கோலுக்குச் செங்குத்தான கூறு மட்டுமே மிஞ்சும். கோலின் வழியே போகிற கூறு அடியில் மோதி வீணாகும். 2.4 பிடியில் கோல் நெட்டுக்குத்தாக வர, கை 30 செ.மீ. ஏற வேண்டும். அதற்குத் தேவையான வேகம் நொடிக்கு 2.4 மீட்டர், 61 பாகையின் சைன் மதிப்பால் வகுத்தால் 2.8. மெதுவோட்டமே போதும். 3 மீட்டர் பிடியில் கை 90 செ.மீ. ஏற வேண்டும், அதே கணக்கு நொடிக்கு 6 மீட்டர் என்று வரும். தாவலின் உந்தலைச் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் பிடி கால்பங்கு ஏறினால் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டியிருப்பதைப் பார்த்த பிள்ளை, வீறாப்புக்காக உயரப் பிடிக்காது. கோல் வளைந்தால் இந்த மோதல் இழப்பு குறைகிறது. 1942இல் கார்னீலியஸ் வார்மர்டாம் மூங்கில் கோலில் தாண்டிய 4.77 மீட்டரை 1957 வரை யாராலும் மிஞ்ச முடியவில்லை; 1960களில் கண்ணாடியிழை வந்ததும் சாதனை 5 மீட்டரைத் தாண்டிவிட்டது.

ஆறு எட்டு

வலக்கைப் பிள்ளைக்கு வலக்கை மேலே, எழும்புவது இடக்காலில். இரு கைக்கும் இடைவெளி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. தொடக்கத்தில் ஆறு எட்டு, அதாவது ஆறு காலடி, ஓட்டம் போதும்: வலது, இடது, வலது, இடது, வலது, இடது. நாலாவது எட்டில் கை இடுப்பில், ஐந்தாவதில் காதோரம், ஆறாவதில் முழுக்க மேலே. இதை வாயால் சொல்லிக்கொண்டே நடக்கப் பழக வேண்டும்: “இடுப்பு, காது, மேலே.” நடந்து வராதது ஓடினாலும் வராது. கோலை ஊன்றத் தாமதமாவதுதான் எல்லாக் கோளாறுக்கும் தாய். பாதிப் பேர் ஆறாவது எட்டில்தான் கையையே தூக்க ஆரம்பிப்பார்கள்.

எழும்பும் கால் விழுந்த இடத்தில் கோலப்பொடி போட்டு, பள்ளத்தின் பின்விளிம்பிலிருந்து தூரத்தை அளந்து எழுதுங்கள். இரண்டு பிள்ளைகளின் ஐந்தைந்து ஓட்டம் இப்படி இருக்கலாம். ஒருவருக்கு 1.04, 1.08, 1.01, 1.07, 1.05. இன்னொருவருக்கு 0.90, 1.40, 1.12, 1.31, 1.07. இருவருக்கும் இலக்கு 1.16. முதல் பிள்ளையின் சராசரி 1.05, வீச்சு 7 செ.மீ. இரண்டாவது பிள்ளையின் சராசரி மிகச்சரியாக 1.16, வீச்சு 50 செ.மீ.

யார் நன்றாகச் செய்கிறார் என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். முதல் பிள்ளைக்கு மருந்து சுலபம்: தொடக்கக் குறியை 11 செ.மீ. பின்னால் நகர்த்தினால் முடிந்தது. இரண்டாவது பிள்ளைக்குக் குறியை எங்கே நகர்த்தினாலும் பயனில்லை. எட்டுகளே ஒரே அளவில் விழவில்லை. அந்தப் பிள்ளையைக் கோல் இல்லாமல் ஓடவிட்டு, எட்டுக்கு எட்டு குறி போட்டுச் சீராக்க வேண்டும். சராசரி மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, வீச்சும் திட்ட விலக்கமும் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் சொல்ல முடியாது.

“சார், கால் உள்ள போயிட்டு” என்று பிள்ளைகளே சொல்லத் தொடங்குவார்கள். கால் மேல்கையைத் தாண்டி முன்னால் போய்விட்டால் கோல் ஆளைப் பின்னுக்கு வெட்டி இழுக்கும். தோள்பட்டையில் வலி வருவதும் இதனால்தான்.

வேகம்

ஓட்டத்தின் கடைசி 5 மீட்டரைக் குறியிட்டு நேரம் பாருங்கள். நொடிக்கு 7 மீட்டரில் ஓடும் பிள்ளை 0.71 நொடியில் கடக்கும். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தினால் 0.2 நொடி இப்படியோ அப்படியோ போகலாம். அப்போது விடை 5.5க்கும் 9.8க்கும் நடுவே எங்கேயும் வரும், அந்த அளவீட்டால் பயனே இல்லை. போனில் நொடிக்கு 120 படம் எடுக்கும் மெதுவேக வீடியோவில் படங்களை எண்ணினால் 85 வரும், பிழை ஒன்றிரண்டு படம். கருவியைத் தேர்ந்தெடுப்பதே இங்கே பாடம்.

வேகத்தின் வர்க்கத்தை 19.6ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் முழுதும் நிலையாற்றலாக மாறினால் கிடைக்கும் ஏற்றம். 6 மீட்டருக்கு 1.84, 7க்கு 2.5, 8க்கு 3.27. இதோடு நிற்கும்போதே உடலின் ஈர்ப்பு மையம் இருக்கிற உயரத்தைக் கூட்ட வேண்டும். நிறை சமன்பாட்டில் அடிபட்டுப் போகிறது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். குண்டாக இருக்கிற பிள்ளைக்கு இது வராது என்று யாரும் ஒதுக்க இயற்பியல் இடம் கொடுக்கவில்லை. கோல் மட்டும் கனத்துக்குத் தகுந்தது வேண்டும். கண்ணாடியிழைக் கோலில் நீளமும் தாங்கும் எடையும் பெரும்பாலும் அடியிலும் பவுண்டிலும் எழுதியிருக்கும்: 11 அடி, 110 பவுண்டு என்றால் 3.35 மீட்டர், 50 கிலோ. 55 கிலோ பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அளவுக்கு மீறி வளையும், உடையவும் உடையும்.

காற்று

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆளைத் தள்ளும். செங்கோட்டைக் கணவாய்க் காற்று தென்காசிப் பக்கம். ஓடுபாதையை மேற்கிலிருந்து கிழக்காக அமைத்தால் தென்மேற்குப் பருவக்காற்று முதுகில் இருக்கும், சாயங்கால வெயிலும் கண்ணில் அடிக்காது. பக்கக்காற்றில் தூக்கிப் பிடித்த கோலின் நுனி விலகும். அன்றைக்கு நடைப்பயிற்சி மட்டும் போதும். ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி, ஒரு மாதம் தினம் நாலு மணிக்குத் திசையைக் குறித்தால் புவியியல் நோட்டுக்கு ஒரு காற்று வரைபடம் கிடைக்கும்.

எல்லாப் பாடத்தையும் இதற்குள் திணிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உயிரியலுக்குத் தோளின் பந்துக்கிண்ண மூட்டும், தலைகீழாகும்போது உட்செவியின் அரைவட்டக் குழல்கள் செய்கிற வேலையும் போதும். தமிழுக்கு ஒரு பயிற்சி: கோலை ஊன்றும் முறையை ஒரு பிள்ளை எழுத, அதைப் பார்த்தே அறியாத இன்னொரு பிள்ளை எழுதியபடி மட்டும் நடந்து காட்ட வேண்டும். “கோலைப் பிடி” என்று மட்டும் எழுதினால் எந்தக் கை மேலே என்று தெரியாமல் நிற்கும். வரலாற்றுக்கு 1936 பெர்லின் ஒலிம்பிக்: ஜப்பானின் ஷூஹெய் நிஷிதாவும் சுவேயோ ஒயேயும் 4.25 மீட்டரில் சமமாக நின்று, ஊருக்குத் திரும்பியபின் வெள்ளியையும் வெண்கலத்தையும் பாதிப்பாதியாக வெட்டி ஒட்டி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் சிவா சுப்பிரமணியம் 5.31, ரோசி மீனா பால்ராஜ் 4.20 என்று அன்றைய தேசியச் சாதனைகளைத் தாண்டியதைச் சொன்னால் பிள்ளைகள் டேப்பை எடுத்துச் சுவரில் குறித்துப் பார்ப்பார்கள்.

தாண்டாத பிள்ளைக்கும் ஒரு வேலை உண்டு: மதிப்பெண் தாள். தாண்டினால் வட்டம், தட்டினால் பெருக்கல் குறி, அந்த உயரத்தை விட்டுவிட்டால் சின்னக் கோடு. தொடர்ந்து மூன்று தடவை தட்டினால் வெளியே. இசக்கி 2.20ஐ முதல் முயற்சியிலும் 2.30ஐ இரண்டாவதிலும் தாண்டுகிறான். சுடலை 2.20ஐ மூன்றாவது முயற்சியிலும் 2.30ஐ முதல் முயற்சியிலும் தாண்டுகிறான். 2.40இல் இருவரும் அவுட். மொத்தத் தவறு இசக்கிக்குக் குறைவு, ஆனால் ஜெயித்தது சுடலை. கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதிலும் சமம் என்றால்தான் மொத்தத் தவறு. இந்த வரிசையைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இசக்கியின் அப்பாவுக்கு விளக்கம் சொல்வது பி.இ.டி. சார் தலையில் விழும்.